கூட்டத்துல மரியாதையா பேசுங்கன்னு சொன்னா, எங்க வாயை அடைக்கிறீங்களான்னு கேக்கறாங்க. என்ன செய்யலாம்?

கொலுசுப் பட்டறை அக்கா, சேலம்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. சேலம் டவுனுக்குள்ளதான் இருக்கேன். ஏரியா பேரு வேண்டாம், சொன்னா ஆள் தெரிஞ்சிடும். வீட்டை ஒட்டியே கொலுசுப் பட்டறை. பற்ற வைக்கிறதுல இருந்து சலங்கை கோக்கற வரைக்கும் நாங்களே செய்வோம். எங்க குடியிருப்போர் நலச் சங்கத்துக்குச் செயலாளரா என்னைப் போட்டிருக்காங்க.

பகுதி சபைக் கூட்டம்னு ஒண்ணு 2022 நவம்பர் 1-ல இருந்து நடக்குது, தெரிஞ்சிருக்கும். கிராமத்துல கிராம சபை மாதிரி டவுன்ல இது. நல்ல விஷயம்னுதான் நானும் தெருத்தெருவா போய் ஆளைக் கூட்டிட்டு வந்தேன். ஆனா போன கூட்டம் நடந்த விதம் மனசை விட்டுப் போக மாட்டேங்குது.

பாதாள சாக்கடைக்குத் தோண்டின ரோடு இன்னும் மூடலை. மேட்டூர் தண்ணி எந்நேரம் வரும்னே தெரியாம, நடுராத்திரி குடத்தோட உக்காந்திருக்காங்க. கோபம் இருக்கத்தான் செய்யும். ஆனா கூட்டத்துல பேசினது தண்ணியைப் பத்தி இல்லைங்க. இஞ்சினியரா வந்திருந்தது சின்னப் பொண்ணு, வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் இருக்கும். பெரிய உத்தியோகத்துல இருந்து ரிட்டயர்டு ஆன ஒருத்தர் அந்தப் பொண்ணு உடம்பைப் பத்திப் பேசினார். தண்ணி திறந்து விடற அண்ணனை இன்னொருத்தர் ஜாதி பேரைச் சொல்லித் திட்டினார். கவுன்சிலர் அதைத் தடுக்கலை, "நீ எனக்கா ஓட்டுப் போட்ட?"ன்னு ஒருத்தரைக் கேட்டார். அதோட கூட்டம் கலைஞ்சது. அந்தப் பொண்ணு ஜீப்புக்குப் பின்னால நின்னு அழுததை நான் பார்த்தேன்.

நடுவுல நான் எழுந்து, "மரியாதையா பேசலாம்ங்க"ன்னு சொன்னேன். பின்னால லைன் வீட்டுல இருந்து வந்த ஒரு அம்மா, "உங்க வீட்ல போர் இருக்கு, நீங்க மரியாதையா பேசலாம். எங்க குடம் காலியா இருக்கு"ன்னாங்க.

அந்த அம்மா சொன்னது நியாயம். அந்தப் பொண்ணை அழ வெச்சது அநியாயம். ரெண்டுமே ஒரே கூட்டத்துல நடந்திருக்கு. அடுத்த கூட்டம் வருது. நொந்து போய் வர்றவங்க வாயை அடைக்காம, ஒரு மனுஷரையும் கேவலப்படுத்த விடாம கூட்டத்தை நடத்த முடியுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

---

செவ்வாய்பேட்டை வாத்தியார்

அம்மா, நிச்சயம் முடியும். நம் ஊர்ச் சரித்திரமே அதற்குச் சாட்சி.

1917-இல் சேலம் நகராட்சிக்குத் தலைவராக வந்தவர் ராஜாஜி. ஏறக்குறைய அதே காலத்தில் பக்கத்து ஈரோட்டில் நகராட்சித் தலைவராக இருந்தவர் பெரியார். அப்போதே இருவரும் நெருங்கிய நண்பர்கள், பிறகு காங்கிரஸில் ஒரே கட்சிக்காரர்கள். 1925-இல் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். அதற்குப் பிறகு அரசியலில் இருவரும் நேர் எதிர். 1938-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்காகப் பெரியாரைச் சிறையில் அடைத்தது ராஜாஜியின் அரசாங்கம். 1944 ஆகஸ்ட் 27 அன்று, இதே சேலத்தில், நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லிப் பெரியார் ஊர் ஊராக எதிர்த்தார். அடுத்த ஆண்டு ராஜாஜி முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார். ஒருவர் இன்னொருவருக்குக் கொள்கையில் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி காலமானார். பெரியாருக்கு அப்போது 93 வயது. சக்கர நாற்காலியில் சுடுகாடு வரை வந்து, எல்லோரும் பார்க்க வாய்விட்டு அழுதார்.

வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் சில நிமிடம் பேசவே மாட்டார்கள். சண்டை போடுகிறவனை மதிக்கவும் முடியும் என்பது அவர்களுக்குப் புதுச் செய்தி. உங்கள் கூட்டத்திலும் தொடங்கும்போது இதைச் சொல்லிப் பாருங்கள்.

---

சூரமங்கலம் தம்பி

சார், நீங்க சொன்னது எல்லாம் உண்மை. எனக்கும் அந்த அழுகை பெரிய விஷயம்தான். ஆனா அவங்க ரெண்டு பேருமே பெரிய மனுஷங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் சமம். சமமானவங்க மதிச்சுக்கறதை வெச்சு, தண்ணி திறந்து விடற அண்ணனுக்கு என்ன வழின்னு எப்படிச் சொல்றது?

2020-ல கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில, ஊராட்சித் தலைவரா ஜெயிச்ச பட்டியல் இனப் பெண்ணைக் கூட்டத்துல தரையில உக்கார வெச்சிருந்த படம் வெளியே வந்துச்சு. மத்தவங்க எல்லாம் நாற்காலியில. அந்தப் படத்தை நல்லா பாருங்க. யாரும் கத்தலை, யாரும் கையை ஓங்கலை. பார்க்கறதுக்கு அவ்வளவு அமைதியான கூட்டம். அந்த அமைதிதான் அங்க நடந்த அநியாயம். படம் வெளியே வந்து தமிழ்நாடே கத்தின பிறகுதான் வழக்கு.

நம்ம மாவட்டத்துலயே 2023 ஜனவரியில, திருமலைகிரியில கோயிலுக்குள்ள போன பட்டியல் இன இளைஞரை ஒரு கட்சிப் பொறுப்பாளர் ஊர் முன்னால வெச்சுத் திட்டின வீடியோ வந்துச்சு. அவர் ஊராட்சித் தலைவரும்கூட. வீடியோ பரவின பிறகுதான் கட்சியில இருந்து நீக்கி வெச்சாங்க.

அதனால அக்கா, மரியாதையை யார்கிட்ட கேக்கறோம்னு முதல்ல பார்க்கணும். காலிக் குடத்தோட வந்தவங்ககிட்ட கேக்காதீங்க. குடத்தைத் தூக்கி மேசை மேல வைக்கட்டும், விடுங்க.

---

மலைமேல் செயலர், ஏற்காடு

தங்கச்சி, நான் ஏற்காட்டு மலையில ஊராட்சி செயலரா இருந்து ஓய்வு பெற்றவன். வாத்தியார் ஐயா சொன்னதும் சரி, தம்பி சொன்னதும் சரி. ஆனா ரெண்டு பேரும் பேசறவங்களைப் பத்தியே பேசறீங்க. நான் நாற்காலியில உக்காந்திருக்கறவங்களைப் பத்திச் சொல்றேன். ஒரு கூட்டம் எப்படிப் பேசும்ங்கிறதை முடிவு பண்றது அதை நடத்தறவங்கதான். என் சர்வீஸ்ல நான் கண்ணால பார்த்தது இது.

எங்க ஒன்றியத்துல ஊராட்சிகள் ஒன்பதுதான். ஆனா குக்கிராமங்கள் அறுபதுக்கும் மேல, ஒண்ணுக்கு ஒண்ணு மலைச்சரிவுல சிதறிக் கிடக்கும். என் காலத்துல கிராம சபை வருஷத்துக்கு நாலு: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. மார்ச் 22, நவம்பர் 1 ரெண்டும் 2022-ல சேர்ந்தது. 500 பேர் வரைக்கும் உள்ள ஊராட்சின்னா 50 பேர், 3,000 வரைக்கும்னா 100 பேர், 10,000 வரைக்கும் 200, அதுக்கு மேல 300 பேர் வந்திருக்கணும். அந்த எண்ணிக்கைக்காகவே கையெழுத்து வாங்கிட்டு ஆளை அனுப்பிடற ஊரையும் பார்த்திருக்கேன். அங்க சத்தமே இருக்காது. யாரும் மறுபடி வரவும் மாட்டாங்க.

நான் வேலை பார்த்த ஊராட்சி ஒண்ணுல ஒரு அம்மா தலைவரா வந்தாங்க. மலையாளிப் பழங்குடி, கேரளாக்காரங்க இல்லை, இந்த மலை ஜனம். பள்ளிக்கூடத்தை எட்டாவதோட விட்டவங்க. கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, அதுதான் சொத்து. மேடைப் பேச்சு அவங்களுக்கு வராது. அவங்க கூட்டம் நடத்தின மாதிரி அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் நான் பார்க்கலை.

முதல் கிராம சபையிலயே மேசைக்குப் பின்னால வரிசையா போட்டிருந்த நாற்காலிகளை எடுக்கச் சொல்லிட்டாங்க. வயசானவங்க, கைக்குழந்தைக்காரங்க நாற்காலியில. மத்தவங்க எல்லாரும், தலைவர், ஒன்றிய ஆபீஸ்ல இருந்து வந்தவங்க, நான் உட்பட, பள்ளிக்கூட பெஞ்சுல. வந்திருந்த அதிகாரிக்கு முகம் சுருங்கிச்சு. அந்த அம்மா அதைக் கண்டுக்கலை, முதல்ல அவருக்குத்தான் காப்பி கொடுத்தாங்க. தம்பி சொன்ன தெற்குத்திட்டைப் படம் வெளியே வந்தப்ப எனக்கு இந்த பெஞ்சுதான் ஞாபகம் வந்தது. எங்க உக்கார வைக்கிறோம்ங்கிறதுலயே பாதிப் பேச்சு முடிஞ்சு போகுது.

ரெண்டாவது, யார் முதல்ல பேசறது. வழக்கமா பஸ் ரோட்டுப் பக்கம் வீடு இருக்கறவங்க, கடை வெச்சிருக்கறவங்க, குரல் பெருசா உள்ளவங்கதான் முந்திக்குவாங்க. அவங்க பேசி முடிக்கறதுக்குள்ள பனி இறங்கிடும், தூரத்து ஊர்க்காரங்க எழுந்து நடந்துடுவாங்க. இந்த அம்மா அதை மாத்தினாங்க. ரொம்ப தூரத்துல இருந்து வந்த ஊர் முதல்ல, அதுலயும் பெண்கள் முதல்ல. ரோட்டுப் பக்கத்து ஆளுங்க கடைசி. முதல் தடவை ரோட்டுக்காரங்க முறைச்சாங்க. ஆனா தூரத்து ஊர்க்காரங்க படற பாட்டை வரிசையா கேட்டுட்டு அவங்க முறை வர்றப்ப, பாதிப் பேருக்குக் கத்தணும்னு தோணவே இல்லை.

மூணாவது, பேசறவங்களை முடிக்க விடறது. குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. முடிச்சதும், "அவ்வளவுதானா, இன்னும் இருக்கா?"ன்னு கேப்பாங்க. இருக்கும், கண்டிப்பா இன்னும் இருக்கும். அந்த இரண்டாவது தடவை வர்றதுதான் உண்மையான குறை. எல்லாம் முடிஞ்ச பிறகு, கேட்டதை அவங்க வாயால திருப்பிச் சொல்லுவாங்க. பேசினவர் தலையாட்டினாத்தான் நான் எழுதணும். எந்த ஊரு, எந்தக் குழாய், எத்தனை நாளா, யார்கிட்ட சொல்லியாச்சு, எல்லாம் வரணும். எழுதினதை உரக்கப் படிக்கணும். தன் பேச்சு நோட்டுல ஏறினதைக் காதால கேட்ட மனுஷன் அதே விஷயத்துக்காக மறுபடி கத்தினதை நான் பார்த்ததில்லை.

அடுத்த கிராம சபை தொடங்கறதே போன கிராம சபைத் தீர்மானங்களைப் படிச்சுத்தான். ஆச்சா, ஆகலையா, ஆகலைன்னா ஏன். "நிதி வரலை"ன்னு மட்டும் சொன்னா விட மாட்டாங்க. யாருக்கு எழுதினோம், என்ன தேதி, என்ன பதில்னு சொல்லணும். எனக்குச் சில சமயம் அது பெரிய கஷ்டமா இருந்தது, மறைக்கலை. ஆனா ஊர் அமைதியானதுக்கு அதுதான் முக்கியமான காரணம்.

இப்ப உங்க தண்ணி அண்ணன் விஷயம். எங்களுக்கும் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர் ஒருத்தர் இருந்தார். தண்ணி வரலைன்னா ஊர்ல முதல் திட்டு அவருக்குத்தான். குடிச்சிட்டுத் தூங்கிட்டான்னு சொல்லுவாங்க. அவர் குடிக்கற ஆளே இல்லை. மலையில வோல்டேஜ் இறங்கும், மோட்டார் காயில் கருகும், கீழ சேலத்துக்குக் கொண்டு போய்க் கட்டிட்டு வரணும். இதெல்லாம் ஊருக்குத் தெரியாது. ஒரு கிராம சபையில அந்த அம்மா அவரைத் தன் பக்கத்துலயே பெஞ்சுல உக்கார வெச்சு, மோட்டார் எப்ப எப்ப கெட்டுச்சு, என்ன செஞ்சார்னு அவர் வாயாலயே சொல்ல வெச்சாங்க. அவர் பேச ஆரம்பிச்சப்ப கை நடுங்கிச்சு. முடிச்சப்ப, அதுவரைக்கும் அவரைத் திட்டின ஆள் ஒருத்தரே எழுந்து, ரெண்டாவது மோட்டார் வேணும்னு தீர்மானம் போடச் சொன்னார். அதுக்குப் பிறகு அவரை யாரும் "ஏய்"னு கூப்பிட்டதில்லை, அந்த அம்மாவும் கடைசி வரைக்கும் "அண்ணா"ன்னுதான் கூப்பிட்டாங்க.

எல்லாம் நல்லபடியாவே போச்சுன்னு நினைக்காதீங்க. ஒரு தடவை ஒருத்தர் குடிச்சிட்டு வந்து, தெரு விளக்கு எரியலைன்னு ஆரம்பிச்சு, அந்த அம்மாவோட நடத்தையைப் பத்திப் பேசினார். பசங்க நாலு பேர் அடிக்கப் பாய்ஞ்சாங்க. அந்த அம்மா பசங்களை உக்காரச் சொல்லிட்டு, அவர் முடிக்கற வரைக்கும் பேசாம இருந்தாங்க. அப்புறம் நிதானமா, "உங்க வீட்டு முன்னால லைட் எரியலை, அதை எழுதியாச்சு. நீங்க சொன்ன வார்த்தைக்கு இந்த இடத்துல அனுமதி இல்லை. அதைத் திருப்பி எடுத்துக்கிட்டா அடுத்த ஆள் பேசலாம், இல்லைன்னா கூட்டம் இப்படியே உக்காந்திருக்கும்"னாங்க. நூறு பேர் அப்படியே உக்காந்திருந்தாங்க. கடைசியில அவர் பொண்டாட்டி வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. வார்த்தையை அவர் திருப்பி எடுத்துக்கலை. ஆனா அந்த வாரமே அவர் வீட்டு லைட்டைப் போடச் சொன்னாங்க. எனக்கு மனசு ஒப்பலை, கேட்டேன். அந்த இருட்டுல அவர் மட்டுமா நடக்கறார், பிள்ளைங்களும்தானே நடக்குதுங்கன்னு சொன்னாங்க.

தம்பி, உங்க கேள்விக்கு இதுல பதில் இருக்குன்னு நினைக்கிறேன். விஷயத்தைப் பத்தி எவ்வளவு வேணாலும் கத்தலாம். மேசையைத் தட்டலாம், காலிக் குடத்தை வைக்கலாம், கையாலாகாத நிர்வாகம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லலாம். நாற்காலியில இருக்கறவங்க அதைக் கேட்டுத்தான் ஆகணும், அதுக்குத்தான் நாற்காலி. ஆனா பிறப்பு, உடம்பு, நடத்தை, வீட்டுப் பெண்கள், இது நாலையும் தொடக் கூடாது. உங்க ரிட்டயர்டு ஆபீசர் தொட்டது அதை.

ஜாதி பேரைச் சொல்லித் திட்டினது வேற விஷயம். அதை மரியாதைக் குறைவுன்னு சொல்லி முடிச்சிடாதீங்க. அந்த அண்ணன் பட்டியல் இனம்னா, நாலு பேர் முன்னால அப்படித் திட்டறது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். புகார் கொடுக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ண வேண்டியது அவர். ஆனா சங்கம் தன் கூட நிக்கும்னு அவருக்குத் தெரியணும். அடுத்த கூட்டத்துக்கு முன்னாலயே அவரைப் போய்ப் பாருங்க.

கடைசியா ஒண்ணு. இரக்கம் உள்ள தலைவர்னா எல்லாத்துக்கும் சரி சரின்னு தலையாட்டறவர்னு நினைச்சுக்கறாங்க. அந்த அம்மா நிறைய தடவை முடியாதுன்னு சொல்லியிருக்காங்க. மனைவியை இழந்த ஒருத்தர் வீட்டுத் திட்டத்துல தன் பேரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டார். பட்டியல்ல அவருக்கு முன்னால இருந்தவங்க அவரைவிட ஏழைங்க. கூட்டத்துலயே காரணத்தைச் சொல்லி, இந்த வருஷம் முடியாதுன்னாங்க. அன்னைக்குச் சாயங்காலம் தனியா அவர் வீட்டுக்கு நடந்து போய், இருட்டற வரைக்கும் உக்காந்திருந்துட்டு வந்தாங்க. அவர் மனசு மாறலை. அடுத்த தேர்தல்ல எதிர்த்தரப்புக்குத்தான் வேலை செஞ்சார். அந்தத் தேர்தல்ல அந்த அம்மா தோத்தாங்க. ஓட்டு கிடைக்கும்னு நினைச்சு இப்படி நடந்துக்கறவங்க ரொம்ப நாள் தாங்க மாட்டாங்க, அதையும் சொல்லிடறேன்.

---

மேஸ்திரி

டவுன்லதான் துப்புரவு மேஸ்திரியா இருக்கேன். எந்த ஊருன்னு கேக்காதீங்க. செயலர் ஐயா மேல இருந்து சொன்னார், நான் கீழ இருந்து சொல்றேன். ஜனம் கவுன்சிலரைத் திட்டும். கவுன்சிலர் ஆபீசரைத் திட்டுவார். ஆபீசர் என்னைத் திட்டுவார். நான் யாரைத் திட்டறது? காலையில வந்து தள்ளுவண்டி எடுக்கற பொம்பளைங்களை. அவங்க வீட்டுல போய் யாரைத் திட்டறாங்களோ.

இப்ப நான் மேல கேட்ட வார்த்தையைக் கீழ சொல்றதில்லை. வேலையை மட்டும் சொல்றேன். எங்க செட்ல எல்லாரையும் பேரோட "அக்கா" "அண்ணா" சேர்த்துத்தான் கூப்பிடறது. குப்பை அள்ளறது அதே குப்பைதான், ஆனா லீவு எடுக்கறது குறைஞ்சிருக்கு.

அக்கா, ஒண்ணே ஒண்ணு. உங்க தெருவுக்கு வர்றவங்க பேரு உங்க சங்கத்துல எத்தனை பேருக்குத் தெரியும்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

---

சூரமங்கலம் தம்பி

செயலர் ஐயா, நீங்க சொன்ன நாலையும் ஏத்துக்கறேன். நாற்காலியில இருக்கறவங்ககிட்டதான் முதல்ல கேக்கணும்னு நீங்க சொன்னது எனக்குத் திருப்தி. ஒரு சந்தேகம் மட்டும். நாற்காலியில இருக்கறவரே அந்த நாலையும் தொடற ஆளா இருந்தா? அப்பவும் நிதானமா உக்காந்திருக்கணுமா?

---

மலைமேல் செயலர், ஏற்காடு

இல்லை தம்பி. அப்ப எழுந்திரிக்கணும். அந்த அம்மா காட்டின பொறுமை, அதிகாரத்துல இருந்துக்கிட்டு கீழ இருக்கறவங்ககிட்ட காட்டினது. அதிகாரம் உள்ளவன் கீழ இருக்கறவனை மிதிக்கும்போது மிதிபடறவன்கிட்ட போய்ப் பொறுமையாயிருன்னு சொல்ல எனக்கு வாய் வராது. பேசினது என்னன்னு தேதி போட்டு எழுதுங்க, கூட இருந்தவங்ககிட்ட கையெழுத்து வாங்குங்க. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்குது, அங்க மனு கொடுத்து ரசீது வாங்குங்க. ஜாதி சம்பந்தப்பட்டதுன்னா போலீசுக்கும் போங்க. அந்த 1989 சட்டப்படி செய்ய வேண்டிய கடமையை அரசு ஊழியர் வேணும்னே செய்யாம விட்டாலும் அதே சட்டத்துல தண்டனை இருக்கு. இதுல எங்கயும் நீங்க அவரோட வார்த்தையைப் பேச வேண்டிய தேவை வராது.

---

கொலுசுப் பட்டறை அக்கா, சேலம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. வீட்டுக்காரருக்கும் படிச்சுக் காட்டினேன்.

நேத்து லைன் வீட்டு அம்மாவைப் போய்ப் பார்த்தேன். அடுத்த கூட்டத்துல முதல்ல நீங்கதான் பேசணும்னு சொன்னேன். நம்பலை. பேசறேன், ஆனா காலையில கூட்டம் போட்டா எனக்கு ஒரு நாள் கூலி போயிடும்னாங்க. இதை நாங்க யாருமே யோசிச்சது கிடையாது, எல்லாக் கூட்டமும் பதினோரு மணிக்குத்தான் வைக்கறோம். சாயங்காலத்துக்கு மாத்தச் சொல்லிக் கேட்டிருக்கேன். தண்ணி திறந்து விடற அண்ணன் வீட்டுக்கும் போனேன். புகார் வேண்டாம்னு சொல்றார், ஆனா கூட்டத்துல எல்லார் முன்னாலயும் திட்டினவர் மன்னிப்புக் கேக்கணும்னு சொல்றார். சங்கத்து சார்புல அந்த ரிட்டயர்டு சாரைப் பார்க்கப் போறோம், திட்டினவரையும் பார்க்கப் போறோம். வாத்தியார் ஐயா, நீங்களும் கூட வந்து பேசினா அவங்க கேப்பாங்கன்னு நினைக்கிறேன், பக்கம்தானே.

மேஸ்திரி அண்ணா, சங்கத்து குரூப்புல கேட்டேன். ரெண்டு பேருக்குத்தான் பேரு தெரிஞ்சிருந்துச்சு.

செயலர் ஐயா, இன்னும் ரெண்டு கேள்வி. கவுன்சிலரை என்ன பண்றது? அவரும் கெட்டவர் இல்லை, கோபம் வந்துடுது. அப்புறம் வாட்ஸ்அப் குரூப். இருநூறு பேர் இருக்காங்க, கூட்டத்தைவிட அங்கதான் மோசம்.

---

செவ்வாய்பேட்டை வாத்தியார்

அவசியம் வருகிறேன் அம்மா. தேதியை மட்டும் சொல்லுங்கள். அந்த ஓய்வுபெற்ற அதிகாரியின் வயதுதான் எனக்கும். அவரிடம் பேச வேண்டியது நீங்கள் இல்லை, நான்தான். தம்பியும் வரட்டும். நான் சொன்னது சமமானவர்களின் மரியாதை மட்டும்தான் என்று அவர் காட்டியது சரி. மீதியை அவர் பேசட்டும்.

---

மலைமேல் செயலர், ஏற்காடு

கவுன்சிலரைக் கூட்டத்துக்கு முன்னாலயே போய்ப் பாருங்க தங்கச்சி. தனியா, ரெண்டு பேரா போதும். கூட்டத்துல வரப்போற குறைகளை எழுதிக் கொடுங்க. எந்த ரெண்டு விஷயத்துல ஜனம் சூடா இருக்கும்னு வெளிப்படையா சொல்லிடுங்க. ஊர் முன்னால திடீர்னு கேள்வி விழுந்தா நல்ல மனுஷருக்கும் தற்காப்புதான் வரும். எல்லாத்துக்கும் பதில் கேக்காதீங்க. ரோடு மூடறதுக்கு ஒரு தேதி, தண்ணி திறக்கற நேரத்தை முன்கூட்டியே தெரிவிக்கறதுக்கு ஒரு ஏற்பாடு, இது ரெண்டை மட்டும் அவர் வாயால சொல்லச் சொல்லுங்க. சொன்ன தேதியில முடியலைன்னா, அதுக்கு முந்தின நாளே அவர் சொல்லணும்னும் கேட்டுக்குங்க. முடியலைங்கறதைவிட, சொல்லாம விடறதுலதான் ஜனத்துக்குக் கோபம்.

அந்த இஞ்சினியர் பொண்ணை அடுத்த கூட்டத்துல தனியா ஒரு பக்கம் உக்கார வைக்காதீங்க. சங்கத்துப் பெண்கள் ரெண்டு பக்கமும் உக்காருங்க. அவங்க பேசற நேரத்துல யாராவது குறுக்கிட்டா கூட்டத்தை நடத்தறவர் நிறுத்தணும், அதையும் கவுன்சிலர்கிட்ட முன்னாலயே சொல்லி வாங்கிக்குங்க.

குரூப்புக்கு ஒரே ஏற்பாடு: போட்டோ, தெரு, கதவு எண், எத்தனை நாளா. இது இல்லாத புகார் நோட்டுல ஏறாதுன்னு சொல்லிடுங்க. மோசமா எழுதறவங்களுக்கு குரூப்புல பதில் போடாதீங்க, போன் பண்ணுங்க. நேர்ல குரல் கேட்டா அதே ஆள் வேற மாதிரி பேசுவார். பெண்களைப் பத்தியோ ஜாதியைப் பத்தியோ எழுதினா போன் எல்லாம் வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுட்டு அன்னைக்கே நீக்கிடுங்க.

நோட்டு தனித்தாளா வேண்டாம், பைண்டு போட்டதா வாங்குங்க. முதல் நாளே எல்லாப் பக்கத்துக்கும் எண் போட்டுடுங்க. ஒவ்வொரு கூட்டம் முடிஞ்சதும் கடைசி வரிக்குக் கீழ கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு அடியிலதான் கையெழுத்து வாங்கணும். முதல் கையெழுத்து லைன் வீட்டு அம்மாகிட்ட வாங்குங்க. கவுன்சிலர் கையெழுத்து அதுக்குக் கீழ இருக்கட்டும், அவர் ஒத்துக்குவார்.